‘எல்லாம் மனசுலதான்’: ஒரு வாக்கியத்தின் வரலாறு

அந்த அக்காவின் ஓ.பி. சீட்டில் மூன்றே எழுத்துகள் இருந்தன. என்.ஏ.டி. ‘நத்திங் அப்நார்மல் டிடெக்டட்’ என்பதன் சுருக்கம். பார்த்ததில் குறை ஒன்றும் தென்படவில்லை என்று பொருள். அதற்குக் கீழே அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவு ஒன்று, பதினைந்து நாளைக்கு. அவ்வளவுதான்.

பதினாறு வருடமாகச் செங்கல் சூளையில் கல் அறுத்தவர். குந்தி உட்கார்ந்து மண்ணை அச்சில் அடித்து, கவிழ்த்து, நகர்ந்து, மறுபடி குந்த வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. இடுப்பு வலி பல வருடமாக உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் கணவர் இறந்தார். அவர் மேஸ்திரியிடம் வாங்கியிருந்த முன்பணம் இவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து வலி விடவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது. எக்ஸ்ரேவில் ஒன்றும் இல்லை. “எல்லாம் மனசுலதாம்மா. கவலப்படாம இரு” என்று சொல்லி அனுப்பிவிட்டார் மருத்துவர்.

“அப்ப நான் பொய் சொல்றன்னு சொல்றாரா பாப்பா?” என்று என்னிடம் கேட்டார் அக்கா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மனசும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. உழைச்சு வந்த வலி. உங்க வலி உடம்பு வலிதான்” என்றேன். அடுத்த வாரம் போனபோது மாத்திரையை வாய்க்காலில் வீசிவிட்டதாகச் சொன்னார். மருந்துக் கடையில் இருந்த பையன், அது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை என்று சொல்லியிருக்கிறான். “நீயும்தான் மனசு இல்லன்னு சொன்னியே, அதான்.”

தவறு என்னுடையது. மருத்துவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதைச் சொன்ன விதத்தை எதிர்க்கப் போய் உண்மையையும் சேர்த்து நான் எதிர்த்துவிட்டேன். அந்த மாத்திரை அவருக்குத் தேவைப்பட்ட மாத்திரை. ஏன் அப்படிப் பேசினேன் என்று யோசித்தபோதுதான், ‘எல்லாம் மனசுலதான்’ என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நாள்பட்ட வலியில் மனசுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அறிவியல். அந்த அறிவியல் யாருடைய கையில் என்னவாக மாறியது என்பது வரலாறு. நம் மக்களுக்கு இரண்டுமே தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஐரோப்பிய மருத்துவம் வலியைப் பற்றி நீண்ட காலம் நம்பிய படம் ஒன்று உண்டு. ரெனே தெக்கார்த் இறந்த பிறகு 1660களில் அச்சான ‘மனிதன்’ என்ற நூலில் அது இருக்கிறது. ஒரு பையன் நெருப்பின் பக்கத்தில் காலை வைத்திருக்கிறான். காலிலிருந்து மூளைவரை ஒரு நூல் ஓடுகிறது. கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் மறு நுனியில் மணி அடிப்பதுபோல, கால் சுட்டதும் மூளையில் வலி அடிக்கிறது. எளிமையான படம். ஆனால் அதற்குள் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. கயிற்றை யாரும் இழுக்கவில்லை என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டால், மணி அடிக்கிறது என்று சொல்பவர் பொய்யர் ஆகிவிடுவார்.

யாரிடம் கயிறு இருக்கிறது என்பதிலேயே ஒரு கணக்கும் இருந்தது. 1851இல் அமெரிக்கத் தென்பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகளுக்கே உரிய நோய்கள் என்று ஒரு பட்டியல் எழுதினார். தப்பி ஓடுவதற்கு ஒரு நோய்ப்பெயர் வைத்தவர் இவர்தான். அதே கட்டுரையில் இன்னொரு நோயும் உண்டு. தோலில் உணர்ச்சி மங்கிப்போவதும், புத்தி மந்தமாவதும், வேலையில் மனம் இல்லாமல் போவதும் அதன் அறிகுறிகளாம். அவர் எழுதிய சிகிச்சை, உடம்பெங்கும் எண்ணெய் பூசி, அகலமான தோல் வாரால் அடித்து அதை உள்ளே இறக்கி, பிறகு வெயிலில் கடும் வேலை வாங்குவது. அடியையே மருந்தாக எழுதிய சீட்டு அது. ‘அவங்களுக்கு உடம்பு உரமான உடம்பு, தாங்குவாங்க’ என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கார்ட்ரைட் நினைவுக்கு வருகிறார். பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கேட்டபோது, கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய் நம்பிக்கைகளில் ஒன்றையாவது பாதிப் பேர் வைத்திருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

வலிக்குள் மனசு நுழைந்த கதை இங்கிலாந்தின் ரயில் தண்டவாளத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் விபத்துகள் பெருகின. வெளிக்காயம் இல்லாமல் எழுந்து நடந்து போனவர்கள், சில நாள் கழித்து முதுகு வலி, தூக்கமின்மை, நடுக்கம் என்று திரும்பி வந்தார்கள். நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ஜான் எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1866இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில், தண்டுவடம் அதிர்ந்ததால் வந்த உடல் நோய் இது என்றார். ‘ரயில்வே முதுகு’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. வழக்குத் தொடுத்தவர்களின் வக்கீல்களுக்கு அவர் புத்தகம் ஆயுதமானது.

1883இல் ஹெர்பர்ட் பேஜ் என்பவர் மறுப்பு எழுதினார். தண்டுவடத்தில் காயம் ஏதுமில்லை. விபத்தின் பயம் மட்டுமே உடம்பில் இத்தனை அறிகுறிகளைக் கொண்டுவர முடியும் என்றார். ஒரு வகையில் பேஜ்தான் சரி. பயம் நரம்பு வழியாக உடம்பில் வேலை செய்கிறது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் சிலரில் அவரும் ஒருவர். ஆனால் அவர் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின் மருத்துவர். பயம் என்று நிரூபித்தால் கம்பெனிக்குச் செலவு குறையும். நட்டஈடு கைக்கு வந்ததும் குணமாகிவிடுகிறார்கள் என்ற குத்தலும் அந்த விவாதம் முழுக்க ஓடியது. மனசு வலியை உண்டாக்கும் என்ற உண்மை, பிறக்கும்போதே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் பிறந்தது.

பெண்கள் விஷயத்தில் கணக்குப் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டவர்களின் எரியும் நரம்பு வலியையும், வெட்டி எடுத்த காலில் தொடரும் வலியையும் பொறுமையாகப் பதிவு செய்தவர் வெயர் மிட்செல். மருத்துவம் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறது. அதே மனிதர் பிற்பாடு சோர்வும் வலியுமாக வந்த பெண்களுக்கு எழுதிய சிகிச்சை ‘ஓய்வு’. வாரக்கணக்கில் படுக்கை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பேசக் கூடாது. அந்தச் சிகிச்சைக்குப் போய்ப் புத்தி பேதலிக்கும் விளிம்புவரை சென்ற சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற கதையை எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டில் இதே கதை தொழிலாளிகளிடம் வந்தது. 1961இல் நியூகாசிலைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி மில்லர் ‘விபத்து நரம்புக்கோளாறு’ பற்றி உரையாற்றினார். சிறிய காயம் பட்டவர்களே அதிகம் வலி சொல்கிறார்கள், கீழ்நிலைத் தொழிலாளர்களிடமே இது மிகுதி, வழக்கு முடிந்ததும் தெளிந்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். நீதிமன்றங்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜார்ஜ் மெண்டல்சன் 1982இல் இருந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தார். வழக்கு முடிந்து பணம் வந்த பிறகும் பலருக்கு வலி போகவில்லை, பலர் வேலைக்குத் திரும்பவில்லை. ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் பொய்யர்கள் என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போன பின் வந்த திருத்தம் அது.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘மனசு என்று பேசுவதே சூழ்ச்சி’ என்று முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் முதல் கோபத்துக்கும் நியாயம் கிடைத்திருக்கும். ஆனால் கதைக்கு இன்னொரு கிளை இருக்கிறது.

1944. இத்தாலியின் ஆன்சியோ கடற்கரை. ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் படுகாயம் பட்டு வந்த வீரர்களைக் கவனித்தார். எலும்பு நொறுங்கியவர்கள், வயிற்றில் குண்டு பாய்ந்தவர்கள். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டால் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். 215 பேரிடம் கேட்டுப் பதிவு செய்து 1946இல் வெளியிட்டார். பிறகு ஊரில், திட்டமிட்ட அறுவைக்கு வந்த சாதாரண ஆண்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். காயம் சிறியது. ஆனால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மருந்து கேட்டார்கள். வீரனுக்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பும் டிக்கெட். ஊர்க்காரருக்கு அது வேலைக்கும் வருமானத்துக்கும் விழுந்த அடி. காயத்தின் அளவைவிட, அந்தக் காயத்துக்கு வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்பது வலியைக் கூட்டியது, குறைத்தது. கவனியுங்கள், அந்த வீரர்களைப் பொய்யர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வலி குறைவாகத் தெரிந்தபோது மனசைப் புகழ்ந்தார்கள். வலி அதிகமாகத் தெரியும்போது மட்டும்தான் அதே மனசு குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது.

இதற்கு உடம்புக்குள் வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால். 1965 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவர்களின் கட்டுரை தெக்கார்த்தின் கயிற்றை அறுத்தது. தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது என்றார்கள். காயத்திலிருந்து வரும் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை. அந்தக் கதவில் நின்றுதான் போகிறது. தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்புகள் கதவைச் சாத்துகின்றன. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவது அதனால்தான். மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் அந்தக் கதவைத் திறக்கின்றன, மூடுகின்றன. பயமும் துக்கமும் தூக்கமின்மையும் அந்த வழியாகத்தான் இடுப்புக்கு வருகின்றன. கதவின் விவரங்களில் பிற்பாடு திருத்தங்கள் வந்தன; அடிப்படைக் கருத்து நின்றது. 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இன்னொன்றைக் காட்டினார். தொடர்ந்து அடி வாங்கும் தண்டுவட நரம்புகள் தாங்களே உணர்ச்சி மிகுந்து போய்விடும். பிறகு லேசான தொடுதலும் வலிக்கும். எக்ஸ்ரேவில் இது எதுவும் தெரியாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும் படம்.

அமிட்ரிப்டிலினுக்கு வருகிறேன். 1960களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். ஆனால் மேலிருந்து இறங்கி வலிக்கதவைச் சாத்தும் நரம்புகள் எந்த ரசாயனங்களை வைத்து வேலை செய்கின்றனவோ, அவற்றை இந்த மருந்து கூட்டுகிறது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் நரம்பு வலியைக் குறைக்கிறது என்று 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டின. மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைந்த அளவே வலிக்குப் போதும். தூக்கமும் தரும். இதைச் சொல்ல எனக்கு நான்கு வரி ஆனது. ஓ.பி.யில் முந்நூறு பேர் நிற்கும்போது அந்த நான்கு வரிக்கு நேரம் இல்லை. சொல்லப்படாத அந்த நான்கு வரி இருந்த இடத்தில் மருந்துக் கடைப் பையனின் ஒரு வரியும் என் கோபமும் போய் உட்கார்ந்துகொண்டன.

என் தொழில்காரர்கள் பெருமைப்பட ஒரு பெயர் உண்டு. சிசிலி சாண்டர்ஸ். இங்கிலாந்தில் செவிலியராக இருந்தவர், முதுகுக் கோளாறால் அந்த வேலையை விட வேண்டி வந்தது. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். சாகக் கிடக்கும் புற்றுநோயாளிகள் வலியில் துடிப்பதைப் பார்த்து, சமூகப் பணியாளர் சொன்னால் டாக்டர்கள் கேட்க மாட்டார்கள் என்பதால் மறுபடி படித்து 1957இல் மருத்துவர் ஆனார். நோயாளிகளிடம் அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான். வலி முதுகில் தொடங்கியது, இப்போது தன்னில் எல்லாமே சரியில்லாமல் போனதுபோல் இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்டு, ‘முழு வலி’ என்ற கருத்தை 1960களில் உருவாக்கினார். உடல், மனம், குடும்பமும் பணமும், வாழ்வின் அர்த்தம் எல்லாம் சேர்ந்த ஒரே வலி. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே மனசைப் பற்றிக் கேட்டார்கள், கையில் மார்ஃபினும் வைத்திருந்தார்கள். மார்ஃபினுக்குப் பதிலாக ஆறுதல் சொல்லவில்லை.

அமெரிக்காவில் நாள்பட்ட வலிக்குக் கூட்டுச் சிகிச்சை மையம் கட்டியவர் ஜான் பொனிகா. படிப்புச் செலவுக்காக முகமூடி போட்டு மல்யுத்தம் ஆடி, வாழ்நாள் முழுக்க வலியைச் சுமந்த மருத்துவர். அவருடைய பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் கண்டுபிடித்த ஒரு முறை இன்றும் பிசியோதெரபியில் உண்டு. வலி வரும்வரை வேலை செய்து, வந்ததும் படுப்பது என்ற சுற்று நோயை வளர்க்கும். எண்ணிக்கை வைத்துக்கொண்டு, வலிக்கும் முன்பே நிறுத்தி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நல்ல முறை, பலருக்குப் பலன் தந்தது. ஆனால் ஆயிரம் கல்லுக்குக் கூலி வாங்குகிறவர் எந்தக் கல்லில் நிறுத்துவார்? அதே ஃபோர்டைஸ் தலைமையில் 1995இல் வந்த ஓர் அறிக்கை, குறிப்பான காரணம் தெரியாத இடுப்பு வலிக்கு ஆறு வாரத்துக்குப் பின் அவர்களை ஊனமுற்றோர் கணக்கிலிருந்து எடுத்து வேலையில்லாதோர் கணக்கில் சேர்க்கலாம் என்றது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. நல்ல மனிதர்களின் நல்ல அறிவியல்கூட, கூலி யார் கையில் என்று கேட்காவிட்டால் பழைய ரயில்வே கம்பெனி வாசலில் போய் நிற்கிறது.

நம் ஊருக்கு வருவோம். “டாக்டர் இடுப்பத் தொட்டுப் பாத்தாராக்கா?” என்று பிறகு கேட்டேன். இல்லை. தீண்டாமை என்று நான் சொல்லவில்லை. அந்த வரிசையில் யாரையும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் நம் மக்கள் அதை எப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. விசாவுக்காகக் காத்திருப்பது பற்றிய தன் சிறு நினைவு நூலில் அண்ணல் அம்பேத்கர், 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துச் சேர்த்திருக்கிறார். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டத்தகாத சாதி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்குக் கடும் நோய். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார்; அவர் கணவரிடம் கொடுத்தார்; கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் வெப்பமானி திரும்பிப் போனது. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனவர், நிலைமை மோசமானபோது மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். 2006இல் நூலாக வந்த, 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைவதில்லை என்று பதிவாகியிருக்கிறது. இந்தப் பின்னணியில், தொடாமலே ‘மனசுலதான்’ என்று சொன்னால் காதில் விழுவது ‘உன் பேச்சை நம்பவில்லை’ என்பதுதான்.

நம் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருக்கிறது. மனநலம் என்றாலே ‘எங்களப் பைத்தியம்ங்கிறாங்க’ என்று இயக்கத் தோழர்களே சண்டைக்குப் போகிறோம். கடன் தீர்ந்தால் வலி தீரும், ஆலோசனை எதற்கு என்கிறோம். கடன் தீர வேண்டும்தான். அதுவரை அந்த அக்கா இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டுதான் இருப்பார். தூக்கமில்லாத இரவு வலிக்கதவைத் திறக்கிறது, வலி தூக்கத்தைத் திறக்கவிடாமல் பூட்டுகிறது.

2020இல் உலக வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாள்பட்ட வலி தன்னளவிலேயே ஒரு நோய். என்.ஏ.டி. என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. நல்ல திட்டம். சூளைக்குப் போகிற குடும்பங்கள் தை பிறந்தால் வீட்டில் இருப்பதில்லை என்பதையும் அதில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

அக்காவிடம் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். தரையில் குச்சியால் தண்டுவடமும் கதவும் வரைந்து காட்டினேன். கணவர் செத்த ராத்திரியிலிருந்து வலி கூடியதைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக விரிவாகப் பேசினார். “அப்ப வலி நெசந்தான். அவரு போனதும் அதுல இருக்குது” என்றார். நான் மூன்று மாதம் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொன்னார். வேறொரு நாள், வேறொரு மருத்துவர், சின்னப் பெண், இடுப்பை அழுத்திப் பார்த்தார். அதே மாத்திரையை எழுதி, எதற்கு என்று சொன்னார். பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். இப்போது ராத்திரி நாலு மணிவரை தூங்குகிறார். வலி போகவில்லை, குறைந்திருக்கிறது.

புதுச் சீட்டில் ‘நாள்பட்ட இடுப்பு வலி, ஒரு மாதம் குந்தி வேலை செய்யக் கூடாது’ என்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மேஸ்திரியிடம் போனோம். வாங்கிப் பார்த்து, மடித்து அக்கா கையிலேயே கொடுத்தார். “சீட்டு கெடக்கட்டும்மா. முன்பணம் இருபத்தெட்டாயிரம் நிக்குது. திங்கக்கெழம வண்டி வரும். ஏறுறியா, இல்லியா?”